யாருடைய நடுக்கம்? கண்டியில் அசையாத படத்தின் 150 வருடக் கதை

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கெனன்காரர் அதை ஐஎஸ் என்பாங்க, நிக்கொன்காரர் வீஆர் என்பாங்க, சிக்மாவில் ஓஎஸ், டெம்ரொனில் வீசீ. பெயர் நாலு, வேலை ஒன்று: பிடிக்கிற கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் பார்த்துக்கொள்வது. 'பட உறுதிப்பாடு' என்று தமிழில் எழுதலாம்தான். ஆனா நம்ம பக்கம் படம் எடுக்கிற யாரும் அப்படிச் சொல்லி நாங்க கேட்டதில்லை. 'ஸ்டெபிலைசர்' என்றுதான் சொல்றாங்க. நாங்களும் அப்படியே எழுதுறோம்.

எசல பெரஹெர காலம் வந்தால் கண்டியில் கமரா வைத்திருக்கிற எல்லாரிடமும் ஒரு கேள்வி சுற்றிவரும். அதைப் போட்டு வைக்கிறதா, நிறுத்தி வைக்கிறதா? வழக்கமாகக் கிடைக்கிற பதில், "இருக்கிறது நல்லதுதானே, எப்பவும் போட்டே வை." இந்தப் பதில் பாதி சரி. மற்றப் பாதி ஏன் பிழை என்று விளங்க வேண்டுமென்றால் சுவிட்சை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கணும்: ஒரு படம் தெளிவாக வருவதற்கு யாராவது அசையாமல் இருக்க வேண்டும். கண்டியில் இதுவரைக்கும் அசையாமல் இருந்தது யார்?

அந்தக் கேள்விக்கு இந்த ஊரிலேயே 150 வருடத்துக்கு மேற்பட்ட பதில் இருக்கு.

அசையாதே என்ற கட்டளை

1860களில் கண்டி ஒரு கோப்பி நகரம். சுற்றியிருந்த மலையெல்லாம் கோப்பித் தோட்டம். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்து போன காலம். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே வருடம் ஹேவாஹெட்ட பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார்.

தோட்டத்துரைமாருக்கும் பயணிகளுக்கும் ஊருக்கு அனுப்பப் படங்கள் தேவைப்பட்டன. ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் 1860களில் கண்டியில் தொழில் செய்தார். 1866இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1870-71இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா இடிபாடுகளை அரசாங்கத்துக்காகப் படம்பிடித்துக் கொடுத்ததும் இவர்தான். அவருக்குப் பிறகு சார்ல்ஸ் ஸ்கோவன். 1870களில் கண்டியில் ஸ்டூடியோ போட்டு, பிறகு கொழும்பிலும் கிளை வைத்தார். கண்டி ஏரி, தலதா மாளிகை, பேராதனைப் பூங்காவின் மரங்கள் எல்லாம் இப்படிப்பட்ட ஸ்டூடியோக்களின் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போயின.

அவர்கள் கையில் இருந்த முறை, 1851இல் பிரெட்ரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கண்ணாடித்தகட்டு முறை. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது காயுமுன் படம் எடுத்து, காயுமுன்னே கழுவியும் முடிக்கணும். அதனால் இருட்டறையையும் கூடாரமாகக் கட்டிக் கூடவே தூக்கிப் போகணும். கமராவோ ஒரு மரப்பெட்டி. வெயிலில்கூடச் சில நொடிகள் தகட்டுக்கு வெளிச்சம் விழ வேண்டும், மர நிழல் என்றால் இன்னும் பல மடங்கு.

இப்படிப்பட்ட கமராவைக் கையில் பிடிக்க முடியாது. முக்காலிதான். அதாவது, கை நடுக்கம் என்ற பிரச்சினையே அந்தக் காலத்தில் இல்லை! கமரா பாறை மாதிரி நிற்கும். நடுங்கக்கூடியது எதிரே நிற்பது மட்டும்தான். காற்றில் ஆடிய இலை புகையானது. ஏரித் தண்ணீர் அலையெல்லாம் மறைந்து கண்ணாடி மாதிரி ஆனது. தெருவில் நடந்துபோனவர் படத்தில் இல்லாமலே போனார், அல்லது ஒரு நிழலாக மிஞ்சினார்.

பழைய கண்டிப் படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து 'அப்போ சனமே இல்லையோ' என்று நினைக்கத் தோணும். சனம் இருந்தது. அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். படத்தில் விழ வேண்டுமென்றால் நிற்கணும். ஆகவே வேலை செய்துகொண்டிருந்தவர்களை நிறுத்தினார்கள். கோப்பிக் காய் பறிக்கிற கை கொப்பிலேயே நின்றது. கூடை தூக்கினவர் தூக்கின மாதிரியே நின்றார். இப்படி எடுத்த படங்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் 'தமிழ்க் கூலிகள்' என்றோ 'தமிழ்ப் பெண்' என்றோ எழுதி அல்பத்தில் ஒட்டினார்கள். தெளிவான படம் கிடைத்தது. அந்தத் தெளிவுக்கான விலையை, அசையாமல் நின்றவர் கொடுத்தார்.

இதே காலத்தில் இன்னொருவரும் இலங்கையில் இருந்தார். உருவப்பட வரலாற்றில் பெரிய பெயர், ஜூலியா மார்கரெட் கமரன். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் இருந்தபோது உள்ளூர்க்காரரையும் தோட்டத் தொழிலாளரையும் படம்பிடித்தார். 1879 ஜனவரியில் டிக்கோயா பக்கம் இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம். அவருடைய படங்கள் தெளிவில்லை, மங்கல் என்று இங்கிலாந்தில் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அவர் கவலைப்படவில்லை. நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் மூச்சு விடுவார், கொஞ்சம் அசைவார், அது படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற மாதிரியான படங்கள் அவை. அசைவு என்றாலே பிழை இல்லை என்ற எண்ணம் அப்போதே இருந்தது என்பதற்காக இதைச் சொல்றோம். ஆனா அவர் படத்தில் இருக்கிற நம்ம ஆக்களில் பெரும்பாலானவர்களின் பெயரும் பதிவாகவில்லை.

கை நடுக்கம் பிறந்த கதை

1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் உலர்தகட்டு முறையை முன்வைத்தார். 1880களில் அது எங்கும் பரவியது. கூடாரம் தேவையில்லை, வெளிச்சம் விழும் நேரமும் நொடியின் பின்னமாகக் குறைந்தது. 1888இல் கொடக் கமரா, 1925இல் லைக்கா. முக்காலி இருந்த இடத்துக்குக் கை வந்தது.

கை வந்ததும் நடுக்கமும் வந்தது. எதிரே நிற்பவர் சிலை மாதிரி நின்றாலும், பிடித்திருப்பவர் கொஞ்சம் ஆடினால் போதும், முழுப் படமும் கலங்கிவிடும். சின்ன கமராக்காரர்கள் இதற்கு ஒரு மனக்கணக்கு வைத்திருந்தாங்க, இன்றைக்கும் அது செல்லும்: லென்ஸின் குவியத்தூரம் எத்தனை மில்லிமீற்றரோ, ஷட்டர் வேகம் நொடியில் அத்தனையில் ஒரு பங்காவது இருக்கணும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50. 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200. லென்ஸ் நீளமாக நீளமாக, தூரத்தில் இருப்பது பெரிதாகிறது, கூடவே உங்கள் கை நடுக்கமும் பெரிதாகிறது. அதுதான் காரணம்.

கையில் பிடிக்கிற கமராவின் காலம் இலங்கைக்கு லயனல் வென்ட் போன்றவர்களைத் தந்தது. 1900இல் பிறந்து 1944இல் மறைந்தவர். பியானோக் கலைஞர், ஒளிப்படக்காரர், '43 குழு ஓவியர்களைக் கூட்டிச் சேர்த்தவர். 1934இல் பெசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் கேட்கும் குரல் அவருடையது. தேயிலை விளம்பரத்துக்காகப் பணம் போட்டு எடுத்த அந்தப் படத்தில் கண்டிய நடனம் வருகிறது, தேயிலைத் தோட்டம் வருகிறது. ஸ்கோவன் காலத்துக் கண்ணாடித்தகட்டில் ஒருபோதும் விழாத ஒன்று அதில் விழுந்தது: அசைவு.

தீப்பந்தத்தின் வெளிச்சக் கணக்கு

இப்போ பெரஹெரவுக்கு வருவோம். ஏனென்றால் இந்த ஊரில் ஒளிப்படக்காரருக்கு அதைவிடக் கஷ்டமான பரீட்சை இல்லை.

நான்கு தேவாலயங்களின் ஊர்வலத்தோடு தலதா மாளிகையின் ஊர்வலமும் சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டில், நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில். ஐந்து இரவு கும்பல் பெரஹெர, ஐந்து இரவு ரந்தோலி பெரஹெர. சாட்டை அடிப்பவர்கள், நெருப்பு சுழற்றுபவர்கள், மேளம், நடனம், யானைகள். மாளிகை ஊர்வலத்துக்குப் பிறகு நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி தேவாலயங்களின் ஊர்வலம். கதிர்காமத் தேவாலய ஊர்வலத்தில் காவடி ஆடுவாங்க. பத்தினி நமக்குக் கண்ணகி. ஆகவே இது 'அவங்கட விழா, நாங்க வேடிக்கை' என்று தள்ளிவைக்கிற விஷயமும் இல்லை.

வழியெல்லாம் இரும்புக் கூடைப் பந்தத்தில் கொப்பறா எரியும். தெருவிளக்கும் மின்குமிழும் உண்டு, ஆனாலும் இரவு இரவுதான். தெருவோரம் சனம் நெருக்கி உட்கார்ந்திருக்கும், முக்காலி விரிக்க இடமே இருக்காது. 1930களில் வந்த கொடக்குரோம் கலர் ஃபிலிமின் வேகம் இன்றைய கணக்கில் ஐஎஸ்ஓ 10 அளவு. அதை வைத்துக்கொண்டு இரவில் யானையை எடுக்கிறதாவது! 1954இல் 35 மி.மீ. அளவில் ட்ரை-எக்ஸ் கறுப்புவெள்ளை ஃபிலிம் வந்த பிறகுதான் இரவுத் தெரு கொஞ்சம் வசப்பட்டது. அப்போதும் புள்ளி புள்ளியாக, கொஞ்சம் கலங்கித்தான்.

இன்றைய டிஜிட்டலில் ஒரு கணக்குப் போடுவோம். 200 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/200, படத்தின் வெளிச்சம் சரி என்று வையுங்க. ஸ்டெபிலைசர் நாலு ஸ்டொப் உதவும் என்று பெட்டியில் போட்டிருக்கு. ஒரு ஸ்டொப் என்றால் பாதி வேகம். 200, 100, 50, 25, கடைசியில் ஏறத்தாழ 13. அதாவது 1/13 நொடியிலும் கையில் பிடித்தே எடுக்கலாம். ஐஎஸ்ஓவும் 6400இலிருந்து நாலு படி இறங்கி 400 ஆகிறது. புள்ளியே இல்லாத சுத்தமான படம்.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா 1/13 நொடியில் நடனக்காரர் என்ன செய்வார்? ஒரு கையை வீசி முடித்திருப்பார். பின்னால் இருக்கிற மாளிகைச் சுவர் துல்லியமாக இருக்கும், ஆடுபவர் புகையாக இருப்பார். லோட்டன் காலத்துத் தெரு மாதிரியே! 150 வருடத்து முன்னேற்றத்துக்குப் பிறகும், கட்டடம் தெளிவு, மனிதர் புகை.

இங்கேதான் அந்தப் பாதிப் பிழை. ஸ்டெபிலைசர் திருத்துவது உங்களுடைய நடுக்கத்தை. எதிரே இருப்பவரின் அசைவை அது தொடாது. தொடவும் முடியாது.

உள்ளே என்ன நடக்குது

இந்தப் பொறி முதலில் வந்தது வீடியோ கமராவில். 1988இல் பெனசொனிக் அசைவை உணர்ந்து திருத்துகிற வீடியோ கமராவை விற்பனைக்கு விட்டது. 1994இல் நிக்கொன் ஒரு சின்ன ஃபிலிம் கமராவில் இதைச் சேர்த்தது. 1995இல் கெனனின் 75-300 மி.மீ. லென்ஸ். எஸ்எல்ஆர் கமராவுக்கான மாற்று லென்ஸ்களில் ஸ்டெபிலைசரோடு வந்த முதலாவது அதுதான். அப்போது கிடைத்த உதவி இரண்டு ஸ்டொப் அளவு.

வேலை செய்கிற விதம் எளிமை. லென்ஸுக்குள் சின்ன கைரோ உணரிகள் இரண்டு. ஒன்று மேல்-கீழ்ச் சாய்வைப் பார்க்கும், மற்றது இட-வலத் திரும்பலை. நம்ம கை நொடிக்குச் சில தடவையிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை வரைக்கும் ஆடும். உணரி அதைச் சொன்னதும், உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதியைச் சின்ன மின்காந்தம் எதிர்ப்பக்கம் தள்ளும். படம் விழுகிற இடம் மாறாது. 2003இல் மினோல்டா வேறு வழி பிடித்தது: லென்ஸை விட்டுவிட்டு சென்சரையே நகர்த்துவது. 2012இல் ஒலிம்பஸ் ஐந்து அச்சிலும் சென்சரை நகர்த்திக் காட்டியது. கமரா வட்டமாகச் சுழலும் ஆட்டத்தை லென்ஸால் திருத்த ஏலாது, சென்சரால் ஏலும். இன்றைக்கு இரண்டும் சேர்ந்து வேலை செய்கிற கமராக்களில் எட்டு ஸ்டொப் வரை என்று கம்பனிகள் சொல்றாங்க. அது சோதனைக்கூடத்து எண். மழையில் நனைந்து, நாலு மணிநேரம் உட்கார்ந்து, பின்னால் இருப்பவர் முழங்காலால் இடிக்கிற தலதா வீதியில் அதை எதிர்பார்க்காதீங்க.

எப்போ போடுவது, எப்போ நிறுத்துவது

இனி ஊரைச் சுற்றி ஒரு நடை போவோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விதான்: நடுக்கம் யாருடையது?

*மங்கலான இடம், அசையாத பொருள்.* பழைய விகாரைகளின் உள்சுவர் ஓவியம், கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் தூண். (எடுக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்க.) ஃபிளாஷ் வேண்டாம், முக்காலிக்கு இடமில்லை. இது ஸ்டெபிலைசருக்கே அளந்து தைத்த இடம். போடுங்க. 1/15, 1/8 வரைக்கும் இறங்கலாம். மூன்று நாலு தரம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்க.

*நீண்ட லென்ஸ், நிற்கிற உயிர்.* உடவத்தகலைக் காட்டுக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. கொப்பில் உட்கார்ந்திருக்கிற பறவை, பேராதனையில் தலைகீழாகத் தொங்குகிற பழந்தின்னி வௌவால். போடுங்க. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் காட்சி அமைதியாகும் வரை கொஞ்சம் பொறுத்து, பிறகு முழுதாக அழுத்துங்க. பழைய லென்ஸ்களுக்கு இதற்கு ஏறத்தாழ ஒரு நொடி எடுக்கும். அவசரப்பட்டால் உதவி வருமுன்னே படம் முடிந்துவிடும்.

*பறக்கிற வௌவால், ஓடுகிற பிள்ளை, ஆடுகிற நடனக்காரர்.* இங்கே தேவை ஷட்டர் வேகம். நடந்துவரும் யானைக்கு 1/100 அளவு போதும், நடனத்துக்கு 1/250 அல்லது அதற்கு மேல், சிறகுக்கு 1/1000. ஐஎஸ்ஓவை ஏற்றுங்க, புள்ளி வந்தால் வரட்டும். ஸ்டெபிலைசர் இந்த வேகத்தில் படத்துக்குப் பெரிதாக எதுவும் சேர்க்காது. வியூஃபைண்டர் காட்சி ஆடாமல் இருக்கும், குறிபார்க்க லேசு, அவ்வளவுதான். சிலர் இங்கே நிறுத்தியே வைப்பாங்க, அதுவும் சரி.

*கூடவே திருப்பி எடுப்பது.* பந்தம் சுழற்றுகிறவரையோ, பேராதனைச் சந்தியைக் கடக்கிற ரயிலையோ கமராவால் பின்தொடர்ந்து 1/30இல் எடுத்தால் ஆள் தெளிவாகவும் பின்னணி கோடாகவும் வரும். சாதாரண நிலையில் ஸ்டெபிலைசர் இதைக் கெடுக்கலாம். நீங்க வேணும் என்றே கமராவைத் திருப்புறீங்க, அது 'கை ஆடுது' என்று நினைத்து எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால்தான் லென்ஸில் இரண்டாம் நிலை என்று ஒன்று வந்தது. 1997இல் கெனனின் 300 மி.மீ. லென்ஸில் அது இருந்தது. திருப்புகிற திசையை விட்டுவிட்டு, மற்றத் திசை ஆட்டத்தை மட்டும் திருத்தும். அந்த நிலை உங்கள் லென்ஸில் இல்லையென்றால் நிறுத்திவிடுங்க.

*முக்காலி.* பஹிரவகந்தவிலிருந்து இரவில் நகரத்தையும் ஏரியையும் பத்து நொடி எடுக்கப் போறீங்க. நிறுத்துங்க. திருத்த எதுவும் இல்லாத இடத்தில் உணரி தன்னுடைய சின்னச் சின்ன இரைச்சலையே ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியை நகர்த்தும். பாறைமேல் வைத்த கமரா உள்ளுக்குள் நடுங்கும். முக்காலியை உணர்ந்து தானே அடங்குகிற லென்ஸ்கள் இப்போ நிறைய இருக்கு. உங்களுடையது அப்படியா என்று தெரியாவிட்டால், நிறுத்துவதுதான் புத்தி.

*ரயில் ஜன்னல், பஸ்.* எஞ்சின் அதிர்வு கை நடுக்கத்தைவிட வேகமானது, ஸ்டெபிலைசருக்கு முழுக்க அடங்காது. முழங்கையை ஜன்னல் சட்டத்தில் ஊன்றினால் அதிர்வு நேரே கமராவுக்கு வரும். உடம்பைத் தளர்வாக வைத்து, 1/500க்கு மேல் போங்க.

*தண்ணீர்.* எல்கடுவ பக்கத்து ஹுன்னஸ் நீர்வீழ்ச்சியில் 1/4 நொடி. கல் தெளிவு, தண்ணீர் பட்டு. முக்காலி இல்லாமல் இதை எடுக்க முடிவது ஸ்டெபிலைசர் தந்த உண்மையான புது வசதி. இங்கே அசைவைப் படத்துக்குள் விடுகிறது நாங்களே எடுக்கிற முடிவு.

*போன்.* 2012இல் நோக்கியா லூமியா 920இலும், 2014இல் ஐபோன் 6 பிளஸிலும் உண்மையான லென்ஸ் ஸ்டெபிலைசர் வந்தது. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருப்பது வேறு: படத்தின் ஓரங்களை வெட்டி, மிச்சத்தை நகர்த்தி, மென்பொருளால் செய்கிற உறுதிப்பாடு. பகல் வீடியோவுக்கு அது நல்லது. இரவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஏற்கெனவே கலங்கியிருப்பதால், சட்டம் ஆடாமல் நிற்கும், உள்ளே விளக்குகள் மட்டும் துடிக்கும். பெரஹெர வீடியோக்களில் இதைப் பார்த்திருப்பீங்க.

கொழுந்து மலையில் அதே கேள்வி

இவ்வளவும் கருவியின் கதை. இதை எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றிய காரணம் வேறு.

தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிற கையைப் பார்த்திருக்கிறீங்களா? பெரஹெர நடனக்காரரின் கைக்குக் குறையாத வேகம். அந்த வேகத்துக்குப் பின்னால் நிறுவை இருக்கு. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான் விழும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம், செக்ரோலில் விழுகிற பெயர். சுற்றுலா வருகிறவர் வண்டியை நிறுத்தி, 'அப்படியே நில்லுங்க, சிரிங்க' என்று சொல்லும்போது, அந்த நிமிடங்கள் கூடையிலிருந்துதான் போகுது.

ஸ்கோவன் காலத்தில் 'நில்' என்றதற்குத் தொழில்நுட்பக் காரணமாவது இருந்தது. தகடு மெதுவானது, வேறு வழியில்லை. இன்றைக்குக் கையில் இருக்கிற கமரா நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுக்கும், மங்கல் வெளிச்சத்திலும் எடுக்கும், கை நடுங்கினாலும் தானே தாங்கும். ஆனாலும் 'நில்' மட்டும் போகவில்லை. கூடை, சிரிப்பு, இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிடித்த விரல். 150 வருடத்துக்கு முன்னால் நிறுத்தி எடுத்த அதே படம். பழக்கம் கருவியைவிட மெதுவாகத்தான் மாறுது.

இந்தச் சனத்தை அசையாமல் நிற்கச் சொன்ன படங்கள் இன்னும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையகத்தில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. கப்பலேறிப் போனவர்களின் கடவுச்சீட்டில் ஒட்டிய படம் சில வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் இருக்கு. நேரே பார்த்து, அசையாமல், சிரிக்காமல். சில குடும்பங்களுக்கு அதுதான் தாத்தாவின் ஒரே படம்.

அதனால்தான் 2023இல் நடந்தது எங்களுக்கு முக்கியமாகத் தெரியுது. மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட்டில் மாத்தளையில் முடிந்தது. முன்னோர் நடந்த வழி. அந்த நடையின் படங்களும் வீடியோக்களும் ஆயிரக்கணக்கில் போன்களில் எடுக்கப்பட்டன. நடக்கிறவர்களை, கூடவே நடந்துகொண்டே எடுத்த படங்கள். யாரையும் யாரும் நிறுத்தவில்லை. எடுப்பவரின் காலடி ஆட்டத்தைக் கருவி வாங்கிக்கொண்டது, நடப்பவர் நடந்துகொண்டே இருந்தார். ஸ்டெபிலைசர் எதற்கு என்று யாராவது கேட்டால் நாங்க காட்டக்கூடிய நல்ல உதாரணம் அதுதான்.

ஆகவே அடுத்த மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்க்கப் போகும்போதோ, அடுத்த எசலவில் தலதா வீதியில் இடம் பிடிக்கும்போதோ, தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போதோ, இரண்டு படம் எடுத்துப் பாருங்க. ஒன்று ஐஎஸ்ஓவை ஏற்றி, வேகமான ஷட்டரில், கை முழுக்கத் தெளிவாக. மற்றது ஸ்டெபிலைசரைப் போட்டு 1/15இல், மலையும் தேரும் தெளிவாக நிற்க, வேலை செய்கிற கை மட்டும் கோடாக. இரண்டாவதில் அந்த வேகம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். எது வேணும் என்று படத்தைப் பார்த்து முடிவெடுங்க. ஆனா எதற்காகவும் வேலையை நிறுத்தச் சொல்லாதீங்க, எடுக்கலாமா என்று மட்டும் கேளுங்க.

இன்னொன்று. லோட்டனிடமும் ஸ்கோவனிடமும் நல்ல லென்ஸ் இருந்தது, நல்ல முக்காலி இருந்தது, அவங்க எடுத்த படங்கள் இன்றைக்கும் ஊசிமுனை மாதிரித் தெளிவு. அந்தத் தெளிவான முகங்களுக்குப் பெயர்தான் இல்லை. எங்கள் பாட்டன் பூட்டி யாராவது அதற்குள் நிற்கலாம், கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் படம் எடுத்து முடிந்ததும், அவர் சம்மதித்தால், பெயரைக் கேளுங்க. தோட்டம், மலை, திகதி எல்லாம் சேர்த்துப் படத்தின் கோப்பிலேயே எழுதி வையுங்க. போனில் அதற்கு அரை நிமிடம் போதும். படத்தின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பிவிடுங்க.